வெயில் இருந்தும் பாட்டரி நிறையாதது ஏன்?

வீட்டு வண்டியில் ஊருக்குப் புறப்படும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

புனே நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் சொந்த ஊருக்குச் சென்று வருவது ஒரு விரதம் போன்றது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும். தங்கை மகளின் திருமணத்துக்கு முன்னிற்க வேண்டும். வயது முதிர்ந்த பெற்றோரை அழைத்துச் செல்லவோ அழைத்து வரவோ வேண்டும். முன்னெல்லாம் இதற்கு ரயிலையே நம்பியிருந்தோம். இன்று கட்கியிலும் பிம்பரியிலும் ராஸ்தா பேட்டையிலும் வாழும் அன்பர்கள் பலர் சாலை வழியே புறப்படுகிறார்கள். கத்ரஜைக் கடந்து, கம்பட்கி மலைப்பாதை ஏறி, சாத்தாரா, கோலாப்பூர், பெளகாவி, ஹூப்ளி, சித்ரதுர்கா, துமகூரு, பெங்களூர், ஓசூர் என்று நீளும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நமக்கு மனப்பாடமாகிவிட்ட ஒன்று. பெங்களூரை எட்டுவதற்கே 800 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது.

இந்தப் பிரயாணத்துக்கு இப்பொழுது புதியதொரு சாதனம் வந்திருக்கிறது. படுக்கை, சமையல் மேடை, சிறு குளிர்பெட்டி, விசிறி, விளக்கு ஆகியவற்றை உள்ளே அமைத்த ‘காரவன்’ என்னும் வீட்டு வண்டியே அது. 2021-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு காரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையையே வகுத்தது. வாடகைக்கு எடுப்போரும் உண்டு; வேனையோ சிற்றுந்தையோ வாங்கித் தாமே அவ்விதம் மாற்றிக் கொள்வோரும் உண்டு. இவ்வண்டிகள் பலவற்றின் கூரையில் சூரிய ஒளித் தகடு ஒன்றோ இரண்டோ பொருத்தப்பட்டிருக்கும். பகலில் அத்தகடு தரும் மின்சாரம் பாட்டரியில் சேர்ந்து, இரவில் விளக்காகவும் விசிறியாகவும் பயன்படும் என்பது ஏற்பாடு.

ஏற்பாடு நல்லதுதான். ஆயினும் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ விளக்கு மங்குகிறது, குளிர்பெட்டி நின்றுவிடுகிறது. “வெயில் கொளுத்துகிறதே, பாட்டரி ஏன் நிறையவில்லை?” என்று குடும்பத் தலைவர் கூரையையும் வானத்தையும் மாறிமாறிப் பார்க்கிறார். இது வெறும் அசௌகரியமாக முடிவதும் உண்டு. அதற்கு மேற்பட்டதாவதும் உண்டு. நீரிழிவு உள்ள பெரியவருக்கான இன்சுலின் அந்தக் குளிர்பெட்டியில் இருக்கலாம். திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் காக்க வேண்டும். சித்திரை மாதத்தில், மூடிய வண்டிக்குள் வைத்துவிட்டு அதன் வீரியத்தை நம்ப முடியாது. ஆகவே இக்கோளாற்றின் காரணத்தை நாமே கண்டறியும் வழியைத் தெரிந்து வைத்திருப்பது நன்று.

நான்கு உறுப்புகள்

பழைய ஓட்டு வீடுகளில் மழைநீர் சேர்க்கும் முறையை நேயர்கள் அறிவார்கள். கூரையில் மழை விழும். தாழ்வாரத்துத் தகரக் குழாய் அதை ஏந்திக் கொண்டுவரும். கீழே வைத்த அண்டாவில் நீர் நிறையும். அண்டா வழியாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் அருகில் நிற்பார். வண்டியிலும் இதே நான்குதான். சூரியத் தகடு கூரை; வயர் குழாய்; பாட்டரி அண்டா; அருகில் நிற்கும் ஆள் ‘சார்ஜ் கண்ட்ரோலர்’ என்னும் சிறு பெட்டி. அண்டா நிறையவில்லை என்றால், மழை போதவில்லையா, குழாய் அடைத்திருக்கிறதா, காவலாள் வழியை மூடிவிட்டாரா, அண்டாவே ஓட்டையா என்று வரிசையாகத்தானே பார்ப்போம்? அதே வரிசைதான் இங்கும்.

ஒளியால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி எட்மண்ட் பெக்கெரல் கண்டார். மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈயப் பாட்டரியை அதே நாட்டினரான காஸ்தோன் பிளாந்தே 1859-இல் செய்தார். 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் சாப்பின், புல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கனால் ஆன சூரிய மின்கலத்தை உருவாக்கினர். அது தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல தகடுகள் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேலும் ஆக்குகின்றன. எஞ்சிய பங்கில் மிகுதியும் வெப்பமாகவே கழிகிறது என்பதை நினைவில் கொள்க. அந்த வெப்பம் பின்னர் நமக்கு ஒரு பாடம் சொல்லப் போகிறது.

புனேயில் வெயிலை அளந்தவர்

ஓர் ஊரில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று அறியாமல் தகட்டின் அளவைத் தீர்மானிக்க இயலாது. இவ்வகையில் நம் புனே நகருக்குத் தனிப் பெருமை உண்டு. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து இங்கு வந்தது. சிவாஜி நகரில் அக்கட்டிடத்தை இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே ஊரார் வழங்குகிறார்கள். 1948-ஆம் ஆண்டில் புனேயில் அத்துறையில் சேர்ந்தவர் அன்னா மாணி என்ற பெண்மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சர். சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். வானிலைக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கொண்டிருந்த காலத்தில், அவற்றை இந்நாட்டிலேயே செய்விக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். 1957–58-ஆம் ஆண்டுகளின் சர்வதேசப் பூபௌதிக ஆண்டையொட்டிச் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டின் பல இடங்களில் ஏற்படுத்தினார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுப் பற்றி 1980-இலும் 1981-இலும் அவர் வெளியிட்ட இரு நூல்கள் இத்துறைப் பொறியாளர்களுக்கு அடிப்படையாயின. 2001-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இத்தகைய அளவீடுகளால் நாம் அறிவது இது: தெளிந்த வானமுள்ள நாளில், புனேயில் ஒரு தகட்டின்மேல் விழும் வெயில், முழு உச்சி வெயில் ஏறத்தாழ 5 மணி நேரம் அடித்ததற்குச் சமம். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை சூரியன் தெரிந்தாலும், கணக்குக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது ஐந்து மணியே. ஆனி முதல் புரட்டாசி வரை மலைத்தொடரை மூடும் மழைமேகத்தில் இதுவும் பெரிதும் குறையும்.

முதலில் கணக்கு, பிறகே கருவி

கோளாறு என்று சொல்லப்படுவனவற்றுள் பல, கோளாறே அல்ல, கணக்குப் பிழை. ஓர் உதாரணம் காண்போம். 200 வாட் தகடு, 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி உள்ள வண்டி என்று கொள்வோம்.

வரவு: 200 வாட்டை 5 மணியால் பெருக்க 1,000 வாட்-மணி. வெப்பம், தூசி, வயரின் தடை முதலிய கழிவுகள் போக 700 வாட்-மணி கைக்குக் கிடைத்தால் திருப்தி கொள்ளலாம்.

செலவு: 50 வாட் குளிர்பெட்டி நாளில் பாதி நேரம் ஓடினால் 600 வாட்-மணி. 20 வாட் விசிறி எட்டு மணி நேரத்துக்கு 160. விளக்குகளுக்கு 50. கைப்பேசிகளுக்கு 40. ஆக மொத்தம் 850 வாட்-மணி.

ஆகவே நாள்தோறும் 150 வாட்-மணி பற்றாக்குறை. ஈயப் பாட்டரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆதலின் நாம் எடுக்கத் தக்கது சுமார் 600 வாட்-மணி. நாளைக்கு 150 வீதம் குறைந்தால் நான்கே நாளில் அந்த இருப்புத் தீர்ந்துவிடும். தகடும் பழுதில்லை, பாட்டரியும் பழுதில்லை. குடும்பத்தின் வரவுக்கு மிஞ்சிய செலவுதான் பழுது.

இங்கே இன்னொரு மறைவான செலவையும் சொல்ல வேண்டும். 230 வோல்ட் மின்சாரம் தரும் இன்வெர்ட்டரை அணைக்காமல் விட்டால், எதையும் அதில் செருகாவிட்டாலும் அது 10 முதல் 20 வாட் வரை உண்டுகொண்டே இருக்கும். இருபத்துநான்கு மணி நேரத்தில் இது 240 முதல் 480 வாட்-மணி. மேற்சொன்ன பற்றாக்குறையைப் போல் இரண்டு மூன்று மடங்கு, யாருக்கும் பயனின்றிப் போகிறது. கைப்பேசியை 12 வோல்ட் துளையிலேயே செருகிக்கொண்டு, இன்வெர்ட்டரைத் தேவையான பொழுது மட்டும் போடுவதே சிக்கனம்.

சோதனைக்கு முன் எச்சரிக்கை

கணக்கு சரியாயிருந்தும் பாட்டரி நிறையவில்லை என்றால், ‘மல்டிமீட்டர்’ என்னும் அளவுகருவி ஒன்று தேவை. புத்வார் பேட்டையில் தாப்கீர் கல்லிக்குச் சென்றால் சில நூறு ரூபாயில் வாங்கலாம். வாங்கும்போதே நேர் மின்னோட்டத்தின் வோல்ட்டை அளக்கும் குறியை எங்கே திருப்ப வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

12 வோல்ட் உடலைத் தாக்காது என்பது உண்மை. ஆனால் பாட்டரியின் இரு முனைகளையும் ஓர் இரும்புச் சாவி இணைத்துவிட்டால் அது பழுக்கக் காய்ந்து கையைச் சுடும், நெருப்பும் பற்றும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டே தொட வேண்டும். ஈயப் பாட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அருகில் தீக்குச்சி கிழிப்பதும் ஊதுவத்தி ஏற்றுவதும் ஆகாது. வெயில் உள்ளவரை தகட்டுக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது. அதன் வயர்களைக் கழற்ற நேர்ந்தால் முதலில் கனத்த போர்வையால் தகட்டை மூடிவிடுங்கள்.

கண்ட்ரோலரில் இணைக்கும் வரிசையும் முக்கியம். இணைக்கும்போது பாட்டரி முதலில், தகடு பிறகு; பிரிக்கும்போது தகடு முதலில், பாட்டரி பிறகு. பாட்டரி இல்லாமல் தகட்டை மட்டும் இணைத்தால், வந்திருப்பது 12 வோல்ட் அமைப்பா 24 வோல்ட் அமைப்பா என்று பெட்டிக்குப் புரியாமல் போகலாம். சில பெட்டிகள் கெட்டும் போகும்.

வரிசையாகச் செய்ய வேண்டிய சோதனைகள்

முதலாவது, பாட்டரியின் இருப்பு. காலையில் வெயில் ஏறுமுன், எல்லா விளக்கும் விசிறியும் அணைத்த நிலையில் பாட்டரி முனைகளில் அளக்க வேண்டும். ஈயப் பாட்டரியில் 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் முழு நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 12.0-க்குக் கீழே என்றால் காலியாகும் தறுவாய். லித்தியம் பாட்டரிக்கு இக்கணக்குப் பொருந்தாது. அது ஏறக்குறையக் கடைசி வரை 13 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்று, பின் திடீரென்று விழும். அதனுள் இருக்கும் காப்புப் பலகை தன்னைத்தானே துண்டித்துக்கொண்டால், முனைகளில் வோல்ட்டே இல்லாததுபோல் தோன்றும். அப்பொழுது பாட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்; அதற்குரிய சார்ஜரால் மின்னேற்றினால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.

இரண்டாவது, நண்பகல் சோதனை. நல்ல வெயிலில் அதே முனைகளில் மீண்டும் அளங்கள். காலையில் 12.3 இருந்தது இப்பொழுது 13.5-க்கு மேல் ஏறியிருந்தால் மின்னேற்றம் நடைபெறுகிறது என்று பொருள். 14.4 வரை ஏறிப் பின்னர் 13.6 அளவில் இறங்கி நின்றால், பாட்டரி நிறைந்துவிட்டது. கண்ட்ரோலர் வேண்டுமென்றே வரத்தைக் குறைத்திருக்கிறது. அப்போது திரையில் ஆம்பியர் மிகக் குறைவாகக் காட்டுவதைப் பார்த்து “சார்ஜ் ஏறவில்லை” என்று அஞ்சுவோர் உண்டு. நிறைந்த அண்டாவில் மேலும் நீர் ஊற்றவில்லை என்று காவலாளைக் கோபித்துக்கொள்வது போன்றது அது. நண்பகலிலும் காலை அளவே இருந்தால்தான் மேலே செல்ல வேண்டும்.

மூன்றாவது, தகடு. அதைப் போர்வையால் மூடி வயர்களைக் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, போர்வையை நீக்கி அளங்கள். 12 வோல்ட் பாட்டரிக்கென்று செய்த 36 கலத் தகடு வெறுமனே இருக்கையில் 18 முதல் 22 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் வயரோ இணைப்போ அறுந்திருக்கிறது. பாதியளவே காட்டினால் தகட்டின் பின்புறப் பெட்டியிலுள்ள டையோடு ஒன்று கெட்டிருக்கக் கூடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: மங்கிய வெயிலிலும், அழுக்கேறிய தகட்டிலும்கூட வோல்ட் ஏறக்குறையச் சரியாகவே காட்டும். உண்மையான வரத்தைச் சொல்வது ஆம்பியர்தான். பாட்டரி குறைந்திருக்கும்போது, தெளிந்த நண்பகலில், 200 வாட் தகட்டிலிருந்து கண்ட்ரோலரின் திரை 8 அல்லது 9 ஆம்பியராவது காட்ட வேண்டும். இரண்டு மூன்று மட்டுமே காட்டினால் நிழல், தூசி, பழுது ஆகியவற்றுள் ஒன்று இருக்கிறது.

நான்காவது, ஃபியூஸும் இணைப்புகளும். மலைப்பாதையிலும் வேகத்தடைகளிலும் வண்டி ஓயாமல் அதிர்கிறது. வீட்டு மாடியில் பல ஆண்டு அசையாமல் இருக்கும் இணைப்பு, வண்டியில் சில மாதங்களில் தளர்ந்துவிடும். கூரைமேலுள்ள செருகிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். மழைநீர் புகுந்து பச்சை பூத்திருந்தால் மாற்ற வேண்டும். பாட்டரி முனையில் வெண்பொடி படிந்திருந்தால், இணைப்பைக் கழற்றிய பின், சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, உலர்த்தி, இறுக்கி, சிறிது வாசலின் பூசிவிடலாம். சோடா நீர் பாட்டரியின் உள்ளே இறங்கலாகாது. ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே அளவுள்ள புதிய ஃபியூஸைத்தான் போட வேண்டும். செம்புக் கம்பி சுற்றுவதும், சிகரெட் பெட்டித் தாளை மடித்து வைப்பதும் தூங்குகிறவர்களின் தலைமாட்டில் கொள்ளி வைப்பதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, வயரின் பருமன். வெயில் நன்றாக அடித்து மின்னோட்டம் ஓடும்போது, கண்ட்ரோலரின் பாட்டரி முனையில் ஒரு முறையும், பாட்டரியின் முனையிலேயே ஒரு முறையும் அளங்கள். இரண்டுக்கும் வேற்றுமை அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வயர் மெல்லியது, அல்லது இணைப்புத் தளர்ந்தது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் வயரானால் இழப்பு 0.3 வோல்ட் மட்டுமே. 0.7 வோல்ட் அற்பம் என்று எண்ண வேண்டாம். 14.4 வந்துவிட்டது என்று கண்ட்ரோலர் நினைத்து வரத்தைக் குறைக்கும்போது பாட்டரி 13.7-ஐயே கண்டிருக்கும். நாள்தோறும் அரைவயிறு உண்ணும் பாட்டரியின் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து, சில மாதங்களில் அது பயனற்றுப் போகும்.

ஆறாவது, கண்ட்ரோலரின் வகை. ‘பி.டபிள்யூ.எம்.’ என்றும் ‘எம்.பி.பி.டி.’ என்றும் இரு வகை உண்டு. முன்னது விலை மலிவு; தகட்டின் ஆம்பியரை அப்படியே பாட்டரிக்கு அனுப்பும்; மிகுதியான வோல்ட்டைப் பயன்படுத்தத் தெரியாது. பின்னது மிகுந்த வோல்ட்டையும் ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். மொட்டைமாடிக்கென்று செய்த 250 வாட், 60 கலத் தகட்டை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் பி.டபிள்யூ.எம். பெட்டியில் மாட்டுவோர் உண்டு. அத்தகடு 30 வோல்ட்டில் 8 ஆம்பியர் தருவது. இந்தப் பெட்டி அந்த எட்டு ஆம்பியரை 13 வோல்ட்டில் அனுப்ப, கிடைப்பது சுமார் 105 வாட்தான். பாதிக்கு மேல் வீண். பெட்டியில் பாட்டரி வகையைக் குறிக்கும் அமைப்பு சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈயப் பாட்டரிக்கு விதித்த அளவால் லித்தியத்துக்கும், லித்தியத்துக்கு விதித்ததால் ஈயத்துக்கும் கேடு விளையும்.

ஏழாவது, பாட்டரியின் முதுமை. நண்பகலில் அரை மணியில் 14.4 வோல்ட்டை எட்டிவிட்டு, இரவில் ஒரு விசிறி போட்டவுடன் 11.5-க்குச் சரியும் பாட்டரி, உள்ளே கொள்ளளவு இழந்துவிட்டது. நீர் ஊற்றும் வகையாயின் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு அறையையும் சோதிக்கலாம். நிறைந்த பாட்டரியில் 1.26 முதல் 1.28 வரை காட்ட வேண்டும். ஓர் அறை மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அந்தப் பாட்டரிக்கு விடை கொடுக்க வேண்டியதே. குறையும் நீருக்கு வடித்திறக்கிய நீரே ஊற்ற வேண்டும். குழாய் நீர் ஆகாது. பழைய பாட்டரியைக் குப்பையில் எறிதலும் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் அதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. கடையில் திருப்பிக் கொடுத்தால் புதியதன் விலையிலும் ஒரு பகுதி கழியும்.

நிழலும் தூசியும் வெப்பமும்

தகட்டிலுள்ள கலங்கள் மாலையில் கோத்த பூக்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. ஒரே மின்னோட்டம் எல்லாவற்றின் வழியாகவும் சென்றாக வேண்டும். ஆகவே, ஒரு கலத்தின்மேல் ஒரு வேப்பங்கிளையின் நிழல் விழுந்தாலும், அது சேர்ந்த வரிசை முழுவதும் மந்தமாகிவிடும். பத்தில் ஒரு பங்கு நிழல் என்றால் பத்தில் ஒரு பங்கு நட்டம் என்று கணக்கிடக் கூடாது, பாதியே போய்விடலாம். கூரையில் மூட்டை கட்டும் கம்பியும் ஏர்கூலரின் முகடும்கூட இந்த நிழலைத் தரும். நெடுஞ்சாலை ஓரத்தில் உணவுக்கு நிறுத்தும்போது நமக்கு நிழல் வேண்டும், தகட்டுக்கு வெயில் வேண்டும். இரண்டையும் விரும்புவோர், கீழே இறக்கி வைக்கத்தக்க தகடு ஒன்றைத் தடித்த வயருடன் வைத்துக்கொண்டால், வண்டி மரத்தடியிலும் தகடு வெட்டவெளியிலும் இருக்கலாம்.

வெயில் எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு மின்சாரம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளின் மேல் நாம் காணும் வெந்நீர்க் கருவிக்கு அது பொருந்தும்; அது வெப்பத்தைக் கொள்வது. தகடோ ஒளியைக் கொள்வது. வெப்பம் அதற்குப் பகை. 25 பாகை வெப்பத்தில் அளந்த திறனையே தகட்டில் பொறிக்கிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.4 வீதம் திறன் குறையும். சித்திரை வெயிலில் தகடு 65 பாகை வரை சுட்டால், நூற்றுக்குப் பதினாறு பங்கு போயிற்று. தகட்டை வண்டிக் கூரையோடு ஒட்டி வைக்காமல், அடியில் காற்றோட இரண்டு மூன்று விரற்கடை இடம் விட்டால் இந்த இழப்புக் குறையும்.

சூரியன் நிற்கும் கோணமும் உண்டு. மே மாத நடுவிலும் ஜூலை இறுதியிலும் புனேயில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். படுக்க வைத்த தகடே போதும். டிசம்பர் இறுதியில் அது தென்வானில் 48 பாகை உயரத்திலேயே நிற்பதால், படுத்த தகட்டுக்கு நேர்வெயிலில் முக்கால் பங்குதான் கிட்டும். வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்களில் தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்க்க முடிந்தால் நலம். தூசியைத் துடைக்க அதிகாலையே ஏற்றது. கொதிக்கும் கண்ணாடியின்மேல் நண்பகலில் குளிர்ந்த நீர் ஊற்றினால் வெடிப்பு உண்டாகலாம்.

மழைக்காலப் பயணமும் பெரியவர்களின் மருந்தும்

மழை மாதங்களில் கோலாப்பூர், பெளகாவி வழியே செல்லும்போது தகட்டை மட்டும் நம்பிப் புறப்படலாகாது. ஓடும் எஞ்சினிலிருந்து வீட்டுப் பாட்டரிக்கு மின்னேற்றும் தனிக் கருவியைத் தேர்ந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திக்கொண்டால், ஐந்தாறு மணி நேரப் பயணமே பாட்டரியை நிரப்பிவிடும். இரவு தங்கும் விடுதியில் சுவர்ச் செருகியிலிருந்து மின்னேற்றும் வசதியும் இருக்கட்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் மற்றொன்று காக்கும்.

இன்சுலின் கொண்டு செல்வோர், குளிர்பெட்டிக்குள் ஒரு சிறு வெப்பமானி வைத்துக் காலையும் மாலையும் பார்த்துக்கொள்வது அவசியம். குளிர்பெட்டி நின்றுவிட்டால், கனத்த காப்புப் பெட்டியில் ஐஸ் வைத்து, மருந்தைத் துணியில் சுற்றி, ஐஸைத் தொடாதவாறு வைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலினும் பயனற்றதே. பாட்டரி குறையும் நாளில் முதலில் நிறுத்த வேண்டியவை விசிறியும் அலங்கார விளக்கும். கடைசியில் நிறுத்த வேண்டியது குளிர்பெட்டி. இந்த வரிசையைப் புறப்படுமுன்பே குடும்பத்தார் அனைவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வண்டி இல்லாத அன்பர்களுக்கும் இவற்றுட் பல பயன்படும். வீட்டு இன்வெர்ட்டரின் பாட்டரியும் இதே இயல்புடையதுதான். வீட்டிலோ வண்டியிலோ, ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் வாரம் ஒரு முறை காலை வோல்ட்டையும் நண்பகல் வோல்ட்டையும் தேதியிட்டுக் குறித்து வாருங்கள். பழுது பார்ப்பவரிடம் சென்று “சார்ஜிங் ஹோத் நாஹி” என்று மட்டும் சொன்னால், அவர் விலை உயர்ந்த உறுப்பிலிருந்தே மாற்றத் தொடங்கக் கூடும். “காலையில் 12.1, நண்பகலில் கண்ட்ரோலரில் 14.3, பாட்டரியில் 13.5” என்று நோட்டைக் காட்டிச் சொன்னால், அவர் நேரே வயரைப் பார்ப்பார். புதிய பாட்டரியின் விலை அந்த ஒரு வரியில் மிஞ்சும்.